விழாமல் காப்பதா, எழவிடாமல் தடுப்பதா?

பக்கவாதம் கண்டவர் மீண்டும் நிலைத்து நிற்கக் கற்பது பற்றிக் குடும்பங்களுக்குச் சில சொற்கள்

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது பங்குக் குருக்களின் வழக்கம். அவ்வாறு நாம் தவறாமல் சென்று வரும் இல்லம் ஒன்று உண்டு. அவ்வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றபடியே பாடம் நடத்தியவர். ஒருநாள் அதிகாலையில் படுக்கையை விட்டு எழ முயன்றபோது, இடக் கையும் இடக் காலும் அவர் சொல்லைக் கேட்க மறுத்துவிட்டன. பன்னிரண்டு நாள்கள் மருத்துவமனையில் இருந்தார். உயிர் பிழைத்து வீடு திரும்பினார்.

வீடு திரும்பிய இரண்டாம் வாரத்தில் குளியலறை வாயிலில் விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் வீட்டாரின் துணிவு முறிந்துபோயிற்று. அன்று முதல் அவர் சாய்வு நாற்காலியை விட்டு எழக் கூடாது என்று முடிவாயிற்று. உணவு நாற்காலிக்கே வந்தது. சட்டையை மகன் மாட்டிவிட்டார். மற்றவற்றுக்குப் படுக்கையருகே பாத்திரம் வைக்கப்பட்டது. "அப்பாவைத் தரையில் கால் வைக்கவே நாங்கள் விடுவதில்லை, சாமி" என்று மூத்த மகன் பெருமையோடு கூறினார். நாமும் மெச்சினோம். "அசையாமல் ஓய்வெடுங்கள், ஐயா. பிள்ளைகள் தங்கமாய்ப் பார்த்துக்கொள்கிறார்களே!" என்று அறிவுரையும் சொல்லி வந்தோம்.

ஐந்து மாதங்கள் சென்றன. ஒருநாள் பெரியவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, வீட்டார் கேளாத தாழ்ந்த குரலில் கூறினார்: "சாமி, எனக்கு ஒன்றே ஒன்று போதும். கழிவறைக்கு நானாகப் போய் வரவேண்டும்."

அச்சொற்கள் நம்மைச் சுட்டன. நாம் தந்த அறிவுரை அன்பில் பிறந்ததே. ஆயினும் அறியாமையிலும் பிறந்தது. அதன் பின்னர் மருத்துவரிடத்தும், பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தில் தேர்ந்தவரிடத்தும், நூல்களிலும் நாம் கேட்டும் கற்றும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம். இத்தகைய சாய்வு நாற்காலி நம் பங்குகளில் எத்தனை வீடுகளில் இருக்கின்றதோ!

நிற்பது எளிதன்று

நிற்பது மிக எளிய செயல் என்று நாம் எண்ணுகிறோம். உள்ளங்கையில் ஒரு கோலைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடும் சிறுவனைப் பாருங்கள். கோல் சாயுமுன் அவன் கை நகர்கின்றது. மறுபுறம் சாயுமுன் மீண்டும் நகர்கின்றது. நம் உடலும் அந்தக் கோலைப் போன்றதே. அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடல் சிறிதளவு ஆடிக்கொண்டேயிருக்கின்றது. மூளை நொடிதோறும் அதைத் திருத்திக்கொண்டேயிருக்கின்றது.

இப்பணிக்கு மூளை மூன்று சாட்சிகளை நம்புகின்றது. முதற் சாட்சி கண். சுவரும் கதவும் நேராக நிற்கின்றனவா என்பதை அது சொல்லும். இரண்டாம் சாட்சி உட்செவி. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றை அடுத்துள்ள நுண்ணிய உறுப்புகளும் தலை எப்பக்கம் சாய்ந்தது, எவ்வாறு திரும்பியது என்பதைச் சொல்லும். மூன்றாம் சாட்சி உள்ளங்காலும் மூட்டுகளும் தசைகளும். தரை மேடா பள்ளமா, உடலின் பாரம் எந்தக் காலில் உள்ளது என்பதை அவை சொல்லும். இம்மூவர் வாக்கையும் ஒப்பிட்டு, எந்தத் தசை எப்போது இறுக வேண்டும் என்று மூளைத் தண்டும் சிறுமூளையும் பெருமூளையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இருட்டில் ஒரு சாட்சி மௌனமாகின்றது. ஆயினும் மற்ற இருவரைக் கொண்டு நாம் சமாளித்து நடக்கிறோம்.

பழுது எங்கே?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி மடிவதே பக்கவாதம். காலின் தசையில் நோய் இல்லை. காலை ஆளும் இடத்தில்தான் நோய். ஆகவே, "காலில் வலு வந்தால் நடந்துவிடுவார்" என்று எண்ணி, தைலம் தேய்த்துக் காத்திருப்பது போதாது. வலு வேண்டும், ஆனால் வலு மட்டும் போதாது.

எல்லார்க்கும் பழுது ஒன்றுபோல் அமைவதில்லை. சிலருக்குக் கால் ஓரளவு அசையும். ஆனால் உள்ளங்காலில் உணர்ச்சி இராது. செருப்பு கழன்று போனதையும் அவர் அறியார். தரையை அறியாத காலை நம்பி உடலின் பாரத்தை எப்படி வைப்பார்? ஆகவே பாரம் முழுவதையும் நல்ல காலிலேயே வைத்து ஒருக்களித்து நிற்பார்.

வேறு சிலருக்கு மூளையின் வலப்பாகம் பழுதடைவதால் இடப்பக்க உலகமே மறந்துபோகும். தட்டின் இடப்பாதியில் உள்ள சோற்றை உண்ணாமல் எழுவார். இடத் தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொள்வார். இது பிடிவாதமும் அன்று, கவனக்குறைவும் அன்று. நோயின் கூறே ஆகும்.

இன்னும் ஒரு வகையினர் வீட்டாரைத் திகைக்க வைப்பர். அமர வைத்தால், நல்ல கையை ஊன்றித் தம்மைத் தாமே நோயுற்ற பக்கமாகத் தள்ளுவர். நாம் மறுபுறம் இழுக்க இழுக்க, இன்னும் வலுவாகத் தள்ளுவர். "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று வீட்டார் சினம் கொள்வர். 1985-இல் பட்ரிசியா டேவிஸ் என்னும் இயன்முறை மருத்துவர் தம் நூலில் இந்நிலையை விரிவாக எடுத்துக் கூறினார். 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நரம்பியல் அறிஞர் கார்னாத்தும் அவருடைய துணைவர்களும் இதன் உட்காரணத்தைக் காட்டினர். இத்தகையோர், உடல் ஏறத்தாழ 18 பாகை சாய்ந்திருக்கும்போதுதான் தாம் நேராக இருப்பதாக உணர்கின்றனர்! ஆனால் அவர்களுடைய கண் பொய் சொல்வதில்லை. எதிரேயுள்ள பொருள் நேராக நிற்கின்றதா, சாய்ந்திருக்கின்றதா என்பதைச் சரியாகவே காண்கின்றனர். ஆகவே அவரை இழுப்பதற்குப் பதில், "எதிரே உள்ள கதவு நிலையைப் பாருங்கள், ஐயா. அதற்கு நேராக உங்கள் உடலைக் கொண்டுவாருங்கள்" என்று சொல்வதே பயன் தரும். கெட்டுப்போன சாட்சியை விடுத்து நல்ல சாட்சியை அழைப்பது போன்றது இது.

சிறுமூளையில் பழுது நேர்ந்தவர் கை கால் வலுவோடு இருந்தும், கால்களை அகல வைத்துத் தள்ளாடி நடப்பார். குடித்தவர் நடையைப் போலத் தோன்றும். தெருவார் ஏளனத்துக்கு அஞ்சி, வெளியே வராமல் ஒடுங்கிப்போனவர்களை நாம் அறிவோம். அண்டை வீட்டார் இதை அறிந்திருப்பதும் ஓர் உதவியே.

இவை அனைத்தின் மேலும் வந்து அமர்வது அச்சம். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பியோரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1995-இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குள் அவர்களில் நூற்றுக்கு 73 பேர் ஒருமுறையேனும் விழுந்திருந்தனர். ஆகவே வீட்டாரின் அச்சம் வீண் அச்சமன்று. ஆனால் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி அமர்ந்திருப்பவரின் தசை மெலிகின்றது, எலும்பு வலுவிழக்கின்றது, சமநிலை மேலும் குலைகின்றது. பின்பு ஒருநாள் எழ நேரும்போது இன்னும் எளிதாக விழுகிறார். அச்சமே வீழ்ச்சிக்கு வழி கோலுகின்றது.

மூளை மீண்டும் கற்கும்

மடிந்த மூளைப் பகுதி மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆனால் எஞ்சியுள்ள பகுதிகள் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு, இழந்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள வல்லவை. எவ்வாறு? பயிற்சியினால். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பணியாற்றிய ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்டு என்னும் இரு பெண்மணிகள் 1982-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் பெரும் மாற்றத்தை விளைவித்தது. அதன் சாரம் எளியது: எந்தச் செயலை மீட்க வேண்டுமோ, அந்தச் செயலையே பயில வேண்டும். நீந்தக் கற்பவன் நீரில் இறங்க வேண்டும். நிற்கக் கற்பவர் எழுந்து நிற்க வேண்டும். படுக்கையில் கிடப்பவரின் காலைப் பிறர் மடக்கி நீட்டுவது மூட்டு இறுகாமல் காக்கும். ஆனால் நிற்கும் கலையைக் கற்றுத்தராது.

பயிற்சி மிக எளிதாகவும் இருத்தலாகாது. சிறிதும் தடுமாறாமல் செய்யக்கூடியதை மட்டும் செய்தால் மூளை புதிதாக ஒன்றும் கற்பதில்லை. தடுமாறி, திருத்தி, மீண்டும் தடுமாறி, மீண்டும் திருத்தும் அந்த எல்லையிலேதான் கல்வி நிகழ்கின்றது. குழந்தை அப்படித்தான் நடை பயின்றது. ஆனால் முதியவர் குழந்தையைப் போல் விழுந்து எழ முடியாது. ஆகவே தடுமாறலாம், தரையில் விழலாகாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய வழியில் நோயாளியை நடத்திச் செல்வதே இயன்முறை மருத்துவரின் திறமை.

எப்போது தொடங்குவது? அவசரமும் தீது, தாமதமும் தீது. ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளைச் சேர்ந்த 2,104 நோயாளிகளிடம் நடைபெற்ற ஒரு பெரும் ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அதிக அளவில் பயிற்சி தரப்பட்டவர்கள், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களைவிடச் சிறப்பாகத் தேறவில்லை. சற்றுப் பின்தங்கவே செய்தனர். ஆகவே முதல் நாள் எவ்வளவு அசைக்கலாம் என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்ய வேண்டும். அவர் அனுமதி தந்த பின்னரோ ஒருநாளும் வீணாகலாகாது. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும்.

அதற்காக, "ஆறு மாதம் ஆகிவிட்டது; இனி ஒன்றும் ஆகாது" என்று கைவிடுவதும் தவறு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட கட்டுரை, ஆறு மாதங்கள் கடந்தவர்களுக்கும் பயிற்சியினால் சமநிலை மேம்படுவதைக் காட்டிற்று. நம் தலைமையாசிரியர் தொடங்கியது ஆறாம் மாதத்தில்தான்.

தலைமையாசிரியருக்கு ஒரு தேர்வு

நம் வேண்டுகோளின் பேரில் இயன்முறை மருத்துவம் பயின்ற இளம்பெண் ஒருவர் அவ்வீட்டுக்கு வந்தார். வந்தவர் முதலில் மருந்தும் கேட்கவில்லை. காலையும் பிடித்துப் பார்க்கவில்லை. "ஐயாவின் சட்டைக்குப் பொத்தான் போடுவது யார்?" என்று கேட்டார். மகன் தம்மையே காட்டினார். "நாளை முதல் ஐயாவே போடட்டும். கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. கட்டிலின் விளிம்பில் அமர்ந்தபடி போடட்டும். அதுவே முதற் பயிற்சி" என்றார். சாயாமல் அமர்ந்து கைகளை அசைப்பது சமநிலையின் அரிச்சுவடி என்பதை அன்று கற்றோம்.

பின்பு அவர் ஒரு தேர்வு வைத்தார். கனடா நாட்டு இயன்முறை மருத்துவரான கேத்தரின் பெர்க் 1989-இல் வெளியிட்ட அளவுகோல் அது. பதினான்கு செயல்கள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்; மொத்தம் 56. பற்றுக்கோடின்றி அமர்தல், எழுந்து நிற்றல், கண் மூடி நிற்றல், தரையில் கிடக்கும் பொருளை எடுத்தல், ஒரு முழுச் சுற்றுத் திரும்புதல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவை அவற்றுட் சில. ஆயிரக்கணக்கான மாணவர்க்கு மதிப்பெண் இட்ட பெரியவர் அன்று பெற்றது 56-க்கு 19. "தோல்விதான், அம்மா" என்றார். ஐந்து மாதங்களுக்குப் பின் அவர் முகத்தில் முறுவலைக் கண்டது அன்றுதான்.

படிப்படியாக

அவருக்குக் கற்பிக்கப்பட்ட பயிற்சிகளை ஈண்டுத் தருகிறோம். ஒவ்வொரு நோயாளியின் நிலையும் வேறு. ஆகவே மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் ஒருமுறையேனும் பார்த்து வகுத்துக் கொடுத்த பின்னரே தொடங்க வேண்டும் என்பதை வற்புறுத்திக் கூறுகிறோம்.

முதற்படி அமர்தல். பாதங்கள் இரண்டும் தரையில் நன்கு பதிய, கட்டிலின் விளிம்பில் அமர வேண்டும். எதிரே நிலைக்கண்ணாடி இருந்தால் நன்று. தண்ணீர்க் குவளையைச் சற்று எட்டத்தில், முதலில் நேரே, பின்பு நோயுற்ற பக்கமாக வைத்து, எட்டி எடுத்துத் திரும்ப வைக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி எழுதல். பலர் முதுகை நிமிர்த்தியபடியே எழ முயன்று பின்னே சாய்ந்துவிடுகின்றனர். இடுப்பை நாற்காலியின் முன்புறம் நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வருமாறு முன் குனிந்து எழ வேண்டும். அமரும்போதும் பொத்தென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். தொடக்கத்தில் உயரமான இருக்கை. தேறத் தேறத் தாழ்ந்த இருக்கை.

மூன்றாம் படி பாரத்தைப் பகிர்தல். முன்னே உறுதியான மேசை, பின்னே சுவரை ஒட்டிய நாற்காலி, இவற்றிடையே நின்று உடலின் பாரத்தை நோயுற்ற காலுக்கு மெல்ல மாற்றிப் பழக வேண்டும். அந்தப் பெண் இரு எடை பார்க்கும் பொறிகளைக் கொண்டுவந்து, ஒரு பாதம் ஒன்றிலும் மறு பாதம் மற்றொன்றிலுமாகப் பெரியவரை நிற்க வைத்தார். வலப்பொறி 46 கிலோ காட்டிற்று, இடப்பொறி 16. தம் இடக்காலைத் தாமே நம்பவில்லை என்பதைப் பெரியவர் கண்ணால் கண்டார். அன்று முதல் அந்த இரு எண்களையும் சமமாக்குவதே அவருக்கு ஒரு விளையாட்டாயிற்று.

நான்காம் படி அடி எடுத்து வைத்தல். மேசையைப் பற்றியபடி ஒரு காலைச் சிறு பலகையின் மேல் வைத்து எடுத்தல், சுவரோரம் பக்கவாட்டில் நடத்தல், மெல்லத் திரும்புதல். திரும்பும்போதுதான் பலரும் விழுகின்றனர். ஆகவே குதிகாலில் சுழலாமல், சிறு சிறு அடிகளாகத் திரும்ப வேண்டும்.

கண்ணை மூடி நிற்றல், மெத்தை போன்ற மென்மையான பரப்பில் நிற்றல், ஒரு பாதத்தின் முன் மறு பாதம் வைத்து நடத்தல் ஆகியவை மேல்வகுப்புப் பாடங்கள். பயிற்சி பெற்றவர் அருகில் இன்றி இவற்றைச் செய்தலாகாது.

இறுதிப் பாடம் விந்தையானது: பேசிக்கொண்டே நடத்தல். முதியோர் சிலர் நடக்கும்போது யாரேனும் பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடுவர். அத்தகையோர் பின்னாளில் விழுவது மிகுதி என்று சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்று 1997-இல் காட்டிற்று. நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாவதன் அடையாளம் அது. ஆகவே நடை ஓரளவு உறுதிப்பட்ட பின், பேசிக்கொண்டும், எண்ணிக்கொண்டும், கையில் ஒரு பொருளை ஏந்திக்கொண்டும் நடக்கப் பழக்குகின்றனர். தொடக்க நிலையில் இருப்பவரிடமோ, நடக்கும்போது பேச்சுக் கொடாதிருப்பதே உதவி.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் களைக்கச் செய்வதினும், சிறிது சிறிதாக நாளில் பலமுறை செய்வது நன்று. மார்புவலி, மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். புதிதாக வாய் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு நொடியும் தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும். குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது.

துணை நிற்பவர் அறிய வேண்டியவை

துணை நிற்பவர் நோயுற்ற பக்கத்தில், சற்றுப் பின்னே நிற்க வேண்டும். நோயுற்ற கையைப் பிடித்து இழுத்து எழுப்புதல் பெருந்தவறு. தசை தளர்ந்த அத்தோள்மூட்டு எளிதில் நழுவும். பின்பு தீராத வலி தரும். இடுப்பில் அகன்ற வார் ஒன்றையோ, மடித்த துண்டையோ உறுதியாகக் கட்டி, அதைப் பற்றிக்கொள்வதே முறை. ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோயுற்ற கால் முதலில். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். ஆகவே சிறிது நேரம் விளிம்பில் அமர்ந்த பின்பே எழ வேண்டும்.

வீட்டையும் ஒருமுறை அவர் கண்ணால் பாருங்கள். உயர்ந்த நிலைப்படி, வாயிலில் சுருண்டு கிடக்கும் சாக்கு மிதியடி, ஈரம் உலராத குளியலறை, பளிங்குபோல் வழுக்கும் தரை, தேய்ந்த ரப்பர்ச் செருப்பு, தரையில் புரளும் வேட்டி, வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் நாற்காலி ஆகிய யாவும் பகைகளே. கழிவறைச் சுவரில் உறுதியான கைப்பிடி, இரவில் ஒரு சிறு விளக்கு, குந்தி அமரும் கழிவறையாயின் அதன்மேல் வைக்கக்கூடிய நாற்காலி ஆகியவை பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. கழிவறைக் கதவை உள்ளே தாழிடாதிருத்தல் நலம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நேர்கின்றது. பயிற்சிக்கு எழ மறுப்பவரைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், மருத்துவரிடம் அதைக் கூறுங்கள். மருந்துண்டு. அவ்வாறே இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் தந்த மாத்திரைகளை, "தேறிவிட்டார்" என்று நிறுத்தினால், இரண்டாம் தாக்குதலுக்கு நாமே கதவு திறந்தவர்களாவோம்.

அன்பு மட்டும் போதுமா?

குடும்பத்தாருக்குக் கற்றுக் கொடுத்தால் அவர்களே யாவும் பார்த்துக்கொள்வார்களா? இக்கேள்வியை நம் நாட்டிலேயே ஆராய்ந்தனர். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து நடைபெற்ற ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. ஒரு பாதியினரின் வீட்டாருக்குப் பயிற்சி முறைகள் கற்பிக்கப்பட்டன. மறு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதங்களுக்குப் பின் இரு பிரிவிலும் நூற்றுக்கு 47 பேர் இறந்தோ, பிறரைச் சார்ந்தோ இருந்தனர். வேறுபாடு இல்லை.

இதைக் கேட்டு மனந்தளர வேண்டுவதில்லை. பாடம் கற்க வேண்டும். வீட்டார் அன்பு தேர்ந்தவரின் கல்விக்கு ஈடாகாது. இயன்முறை மருத்துவர் நோயாளியை மீண்டும் மீண்டும் பார்த்து, எளிதானதை விலக்கி, அடுத்த படியைக் காட்ட வேண்டும். வீட்டார் பங்கு, அவர் காட்டியதை நாள்தோறும் நடைபெறச் செய்வது.

இதற்கு எங்கே செல்வது? தமிழகத்திலேயே இத்துறைக்கு ஒரு பெருமைக்குரிய வரலாறு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இடுப்பின் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் உள்ளது. தொலைவிலுள்ள ஊரினர்க்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் அளித்தலும் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிவது நன்று.

இரண்டாம் வீழ்ச்சி

தலைமையாசிரியரின் கதையை முடித்துவிடுகிறோம். பயிற்சி தொடங்கிய மூன்றாம் மாதம் அவர் மறுபடியும் விழுந்தார். கூடத்தில் திரும்பும்போது இடக்கால் பின்னிக்கொண்டது. முழங்கையில் சிராய்ப்பு. மகன்கள் இருவரும் பதறி ஓடிவந்தனர். செய்தி கேட்டு நாம் சென்றபோது சாய்வு நாற்காலி மீண்டும் கூடத்துக்கு வந்திருந்தது. "போதும், சாமி. இருக்கிற அப்பாவையாவது காப்பாற்றிக்கொள்கிறோம்" என்றார் மூத்தவர்.

நமக்கும் சொல்லெழவில்லை. மீண்டும் நடக்கச் சொல்லி, இடுப்பெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு? அப்போது, அதுவரை அடுக்களை வாயிலில் நின்றிருந்த அம்மா பேசினார். "விழுந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். நான் தூக்கவில்லை. அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி, ஒருக்களித்து, முழங்காலில் ஊன்றி, நாற்காலியைப் பிடித்து அவராகவே எழுந்தார். விழுந்தால் எழத் தெரிந்தவரை ஏனப்பா கட்டிப் போடுகிறீர்கள்?"

சாய்வு நாற்காலி அன்று மாலையே திண்ணைக்குச் சென்றது. கூடத்தில் மேசை இடம் மாற்றப்பட்டது. திரும்பும் முறை புதிதாகக் கற்பிக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் பெர்க் தேர்வில் அவர் பெற்றது 41. இன்றும் இடக்காலை வட்டமாக வீசியே நடக்கிறார். நான்கு கால் ஊன்றுகோலை விடவில்லை. தெருவில் இறங்கத் துணை வேண்டும். இது புதுமையன்று, உழைப்பின் கூலி.

சென்ற முதல் வெள்ளியன்று நாம் நுழைந்தபோது அவர் நாற்காலியில் இல்லை. "கொஞ்சம் உட்காருங்கள், சாமி, வருவார்" என்றார் அம்மா. கொல்லைப்புறத்தில் ஊன்றுகோலின் ஓசை கேட்டது. ஒருவரும் உடன் செல்லவில்லை. கழிவறைக் கதவு மெல்லச் சாத்தப்படும் ஓசையும் கேட்டது, சாத்தியவர் அவரே.

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்கள் இல்லத்திலும் ஒரு சாய்வு நாற்காலி இருக்குமாயின், அதில் அமர்ந்திருப்பவரிடம் இன்றே கேளுங்கள்: "நீங்களாகச் செய்ய விரும்புவது எது?" அவர் சொல்லும் அந்த ஒன்றைத் தேர்ந்தவரிடம் சொல்லுங்கள். பின்பு அவர் அருகே, கை எட்டும் தொலைவில் நில்லுங்கள்; பற்றிக்கொள்ளாதீர்கள். எட்ட நிற்பது கடினம், தூக்கிவிடுவதினும் கடினம். ஆயினும் அவருக்கு வேண்டியது அதுவே.